நான்கு எனில் அறுபத்திரண்டுக்குச் செல்க

ஏழு வார்த்தை ஆகிவிட்டது. பேராசிரியர் தில்லைநாயகம் வெள்ளைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறார். சமாளித்தல், தாக்குப்பிடித்தல், ஈடுகொடுத்தல், தாங்குதல், எதிர்கொள்ளுதல், ஒப்பேற்றுதல், காலந்தள்ளுதல். எட்டாவதை எழுதப் போகும்போது மை மங்கிவிட்டது. பேனாவைக் காதருகே வைத்துக் குலுக்குகிறார், மை இருக்கிறதா என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்பவர் மாதிரி. இத்தனையும் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக. கோப். இந்த ஆய்வை நடத்துகிற டாக்டர் மைதிலி மேடம் அதைச் சொல்லும்போது உதடு குவிந்து டப்பென்று மூடிக்கொள்கிறது. நான் கடைசி வரிசையில் இருக்கிறேன். ஏசி நேராக என் தலையில்தான் இறங்குகிறது. மடியில் காகிதத் தட்டு, அதில் ஒரு கடி கடித்த சமோசா, கடித்த கடி இன்னும் வாயில்தான் இருக்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. கேள்வி நாற்பத்தேழு சரியில்லை என்று பேசத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘நோயாளியைப் பராமரிப்பவராக இந்த நிலைமையை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களிடம், திருநெல்வேலி முழுக்க வீடு வீடாகப் போய் நானும் பேச்சியக்காவும் இன்னும் நாலு பேரும் கேட்ட கேள்வி. அதற்கு ஆவுடையப்பன் சொன்ன பதிலை நான்தான் எழுதினேன். எழுதவில்லை, வட்டம் போட்டேன். நாலாம் எண்ணைச் சுற்றி நீலப் பேனாவால் அழுத்தமாக ஒரு வட்டம். அந்த வட்டம் இப்போது மேடத்தின் முன்னால் இருக்கும் படிவக் கட்டுக்குள், மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று காலையிலேயே மேடம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் கழுத்து கொஞ்சம் உள்ளே போனது. போன வாரம் ஆவுடையப்பன் வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே கட்டிலில் அவர் பெண்சாதி வடிவு. பேச்சு கிடையாது, வலது பக்கம் அசையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நாள் முழுக்க ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவள் எந்த ஊருக்குப் போவாள் என்று இரண்டாம் நாள் சாயங்காலம்தான் ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. பூட்டை உடைத்தார்கள். உயிர் இருந்தது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவராகவே திரும்பி வந்தாராம். திருச்செந்தூருக்குப் போய்க் கடற்கரையில் படுத்திருக்கிறார். போலீஸ்காரர் எதற்குப் போனாய் என்று கேட்டதற்கு, தூங்கப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். தூங்கப் போனேன். மேடம் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எங்கள் படிவத்தை எடுத்துக் காட்டி, “நம்ம ரெக்கார்டு படி இந்த வீட்ல எல்லாம் நல்லா இருக்கு. ஓரளவு நன்றாகச் சமாளிக்கிறார்னு இருக்கு. அவரும் சமாளிக்கிறேன்னுதான் சொல்லிருப்பாரு. தமிழ்ல அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற ஆயிடுது போல. தப்பு வார்த்தையோடது, ஃபீல்டு ஸ்டாஃப் மேல எந்தத் தப்பும் இல்ல,” என்றார். எந்தத் தப்பும் இல்ல. அதைக் கேட்டதும் என் முதுகுத்தண்டில் சூடாக ஒன்று இறங்கியது. சந்தோஷம்தான் அது. வேறு பேர் வைத்துப் பிரயோஜனம் இல்லை. ஒரு பொம்பளை பூட்டிய வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறாள், எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பேராசிரியர் இப்போது அகராதியை எடுத்துவிட்டார். போனில் இல்லை, உண்மையான அகராதி, தலையணை கனம், ரிக்சின் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். மனுஷனுக்கு இன்றைக்கு நல்ல வேட்டை. “இந்த இங்கிலீஷ் கோப்புங்கிற சொல்லுக்குப் பாருங்க அம்மா, நீங்க நினைக்கறது மட்டுமில்ல பொருள். மதில் மேல கவிழ்த்து வைக்கிற கல்வரிசை ஒண்ணு. மழைத்தண்ணி சுவருக்குள்ள இறங்காம இருக்க. அப்புறம் இரும்பு வார்க்கிற பட்டறையில அச்சுப்பெட்டியோட மேல் பாதி. அப்புறம் கிறிஸ்தவ மதகுருமார் தோள்ல போட்டுக்கிற பெரிய அங்கி.” மேடம் சிரித்து, “சார், நமக்கு அங்கி வேண்டாம்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயில் சமோசாவோடு. அந்த அங்கியை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினைந்து வயதில், சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனை, மே மாதம், பாளையங்கோட்டையில் வெயில் தார் உருகுகிற மாதிரி. பிஷப் ஐயா தங்கநூல் வேலை செய்த அங்கியோடு வந்தார், நெஞ்சில் ஒரு கொக்கி போட்டிருந்தது, பின்னால் ஒருவர் அதன் நுனியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் தலையில் கை வைத்தபோது அவர் தாடையிலிருந்து வேர்வை சொட்டி என் நெற்றியில் விழுந்தது. நான் அதைத் துடைக்கவில்லை, பரிசுத்தம் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து பக்கத்து அறையில் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், காலை அகட்டி உட்கார்ந்து, “தண்ணி, தண்ணி கொண்டா,” என்று அவர் கேட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆராதனை முழுக்க அவர் முகத்தில் அந்தத் தாகம் தெரியவே இல்லை. நான் ஏன் இதையெல்லாம் நினைக்கிறேன். ஆவுடையப்பனை நினைக்காமலிருக்க பிஷப்பை நினைக்கிறேன், வேறொன்றுமில்லை. ஆவுடையப்பனுக்கு அங்கி கிடையாது. கைலி, காலர் கிழிந்த கட்டம்போட்ட சட்டை, பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிற ஒரு மனுஷனைப் பார்த்துக்கொண்டே வட்டம் போட்டேன்.

என்னை யாராவது இந்தக் கதையை முதலிலிருந்து சொல் என்றால் நான் அவர் வீட்டுக்குப் போன செவ்வாய்க்கிழமையில் தொடங்க மாட்டேன், படிவத்தில்தான் தொடங்குவேன். நாற்பத்தேழாம் கேள்விக்கு ஐந்து பதில். ஒன்று, அறவே முடியவில்லை. இரண்டு, மிகவும் சிரமம். மூன்று, சிரமம். நான்கு, ஓரளவு நன்றாக. ஐந்து, நன்றாக. அதற்குக் கீழே பொடி எழுத்தில், சாய்த்து, நாங்கள் மட்டுமே படிக்கிற ஒரு வரி: நான்கு அல்லது ஐந்து எனில் கேள்வி அறுபத்திரண்டுக்குச் செல்க. அறுபத்திரண்டு என்ன தெரியுமா? ரேஷன் கார்டு என்ன நிறம். அதோடு முடிந்தது, கையெழுத்து, கும்பிடு, செருப்பு. மூன்று போட்டால் நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்தொன்றுவரை பதினாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் அழுவார்கள், அழுது முடிக்கும்வரை நாம் பேனாவை மூடி வைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆகும். வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே பேச்சியக்கா டீக்கடை பெஞ்சில் வைத்து எனக்கு ரகசியத்தைச் சொல்லித் தந்தாள். “ஏட்டி, மூணு போட்டேன்னா செத்தே. நாலு போடு, தாண்டிரலாம். நம்ம சனத்துல எவட்டி முடியலன்னு சொல்லுதா? எல்லாருந்தான் சமாளிக்கா.” தாண்டு என்றே நாங்கள் பேர் வைத்திருந்தோம். இன்னைக்கு எத்தன தாண்டு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம், சின்னப் பிள்ளைகள் நொண்டி விளையாடும்போது கேட்கிற மாதிரி. சில வீட்டில் நிஜமாகவே நாலுதான். ஒரு மருமகள் மாமனாருக்குத் தலை சீவிவிட்டு, பவுடர் போட்டு, கண்ணாடி காட்டி, “மாப்ள மாதிரி இருக்காகல்லா?” என்று என்னிடம் கேட்டாள். அது நாலு. அது ஐந்தே. ஆனால் மற்ற வீடுகள் இருக்கின்றன. அவற்றின் வாசல்படிகள் எனக்கு ஞாபகம் வருகின்றன, முகம் வரவில்லை.

நாற்பத்தெட்டு, கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் முழுதாகத் தூங்கினீர்கள். அதுதான் அடுத்த கேள்வி. ஒரே ஒரு வரி கீழே இருந்தது. ஐம்பத்திரண்டு, நோயாளியை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா. இதைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? உண்டு என்று சொல்லியிருப்பார். அல்லது சொல்லாமல் வடிவைப் பார்த்திருப்பார், அதையும் எழுத அங்கே ஒரு கட்டம் இருக்கிறது, ‘பதில் சொல்லவில்லை, அழுதார்’ என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். எழுதியிருந்தால் அந்த வாரமே நர்ஸ் போயிருப்பாள். வாரத்துக்கு மூன்று நாள், குளிப்பாட்ட, புண்ணைப் பார்க்க, அந்த நேரத்தில் அவர் கொஞ்சம் கண்ணை மூட. நம்மிடம் இருப்பதே இரண்டு நர்ஸ்கள், மூன்றும் அதற்குக் கீழும் வாங்கிய வீடுகளுக்குத்தான் போவார்கள். வடிவை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புவார்கள்? அதே வீட்டுக்கு, அதே கட்டிலுக்கு, அதே ஆவுடையப்பனிடம். பேச்சியக்காவே காலையில் மேடத்திடம் கேட்டாள், அந்த வீட்டுக்கு இனிமேலாவது நர்ஸை அனுப்பலாமா என்று. மேடத்துக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. “எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு பேச்சியம்மா. ஆனா வார்த்தை தப்புன்னா அந்த வார்த்தையைக் கேட்ட எல்லா வீட்டுக்கும்தான் தப்பு. புது வார்த்தை வச்சு அடுத்த சுற்றுல எல்லார்கிட்டயும் மறுபடி கேக்கணும். மூணு மாசம். நடுவுல ஒரு வீட்டை மட்டும் மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது, பதிவுப் பிழைன்னா மட்டும்தான் மாத்தலாம், அதுவும் பதிவு பண்ணவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு சாயங்காலத்தோட நர்ஸ் பட்டியல் முடியுது.” பதிவுப் பிழை என்று சொல்லும்போது மேடம் யாரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. பார்த்திருந்தால் நான் அப்போதே விழுந்திருப்பேன்.

இப்போது வேறு ஒன்று உறைக்கிறது. படிவத்தின் மேல்மூலையில் தொடங்கிய நேரம், முடித்த நேரம் என்று இரண்டு கட்டம் உண்டு. நான் நேர்மையாக எழுதியிருக்கிறேன், எதில் நேர்மை பார் எனக்கு. தொடங்கியது மூன்று முப்பத்தைந்து, முடித்தது மூன்று ஐம்பத்தெட்டு. டவுனிலிருந்து பஸ் நாலு பத்துக்கு. அதை விட்டால் ஐந்துக்குத்தான். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குச் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கம், அன்றைக்கு ஜெபம் நடத்துவது என் முறை, சுண்டலும் என் முறை. காலையிலேயே கொண்டைக்கடலையை ஊறவைத்துவிட்டு வந்திருந்தேன். யாரும் என்னை அடிக்கப் போவதில்லை, ஐந்து மணிக்கு நான் போகாவிட்டால் குளோரி அக்கா நடத்தியிருப்பாள், சுண்டல் இல்லாவிட்டால் பிஸ்கெட் வாங்கியிருப்பார்கள். ஆனால் குளோரி அக்கா என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான். அன்றைக்கு நான் நன்றாக ஜெபித்தேன். அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. ஆண்டவரே, படுக்கையாய்க் கிடக்கிற எல்லா நோயாளிகளுக்காகவும், அவர்களைப் பராமரிக்கிற ஒவ்வொருவருக்காகவும் உம்மிடத்தில் வருகிறோம் என்று தொடங்கினேன், தானாக வந்தது, அழுதுவிட்டேன். எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்ததும் குளோரி அக்கா என் கையைப் பிடித்து, “நீ இந்த வேலைக்குன்னே பிறந்தவ ஜெபராணி,” என்றாள். சுண்டலும் நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். அந்த நேரத்தில் ஆவுடையப்பன் வீட்டில் என்ன நடந்திருக்கும்? வடிவுக்குக் கஞ்சி கொடுத்திருப்பார். அவள் பாதியைத் துப்பியிருப்பாள். கடவுள் அந்த ஜெபத்தைக் கேட்டிருந்தால் என்னை முகத்தில் அறைந்திருக்க வேண்டும், அவர் கேட்கவில்லை என்று நினைக்கிறேன், கேட்காமல் இருந்ததுதான் எனக்கு மரியாதை.

பலகையில் எட்டாவது வார்த்தை வந்துவிட்டது. தரித்திருத்தல். பேராசிரியருக்கே அது பிடிக்கவில்லை, ஈரத்துணியால் அழிக்கிறார். “ஜனங்க வாய்ல எது வருதோ அதை எடுக்கறதுதான் நல்லது,” என்கிறார் மேடம், எங்கள் பக்கம் திரும்பி. “ஃபீல்டுல என்ன சொல்றாங்க?” ஒருத்தி வண்டி ஓடுது என்கிறாள். ஒருத்தி தள்ளிட்டுப் போறோம் என்கிறாள். பேச்சியக்கா, “ஏதோ இருக்கோம்பாக மேடம்,” என்கிறாள். இருக்கோம் என்பதை மேடம் எழுதிக்கொள்கிறார். ஏதோ என்பதை எழுதவில்லை. என்னைக் கேட்டுவிடுவாரோ என்று தட்டில் இருந்த சமோசாவைப் பார்க்கிறேன். நான் என்ன சொல்ல முடியும்? வார்த்தை வெறும் பாதி என்று சொல்லலாம். அவர் அதைச் சொல்லும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மீதிப் பாதி. ஆவுடையப்பன் அதைச் சொல்லும்போது எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார், சுற்றிச் சுற்றி, அந்த டம்ளரில் எனக்கு மோர் கொடுத்திருந்தார், நான் குடித்து முடித்துவிட்டேன், அவர் வாங்கி உள்ளே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “சமாளிச்சுக்கிடுதேன் தாயி.” என் பெரியப்பா வயது, என்னைத் தாயி என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாசலில் வந்து நிற்கிற பிள்ளை உள்ளே வா என்று நாம் சொல்வதற்காக நிற்குமே, அப்படிப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்ல எனக்கு ஒரு எண்தான் தேவைப்பட்டது. மூன்று. பேனா மூன்றுக்கு மேலே ஒரு நொடி நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலுக்குப் போய்விட்டேன்.

அது மட்டும் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து கட்டிலருகே போனேன், நோயாளியைத் தொட்டு விடைபெற வேண்டும் என்பது பயிற்சி. வடிவுக்கு இடது கை மட்டும் உயிரோடு இருந்தது, உடம்பின் பலம் எல்லாம் அதற்குள் ஓடி வந்து சேர்ந்திருந்தது. என் முந்தானையைப் பிடித்தாள். பிடித்தபோதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். சுற்றி வர ஒரு சிவப்புக் கோடு, தோல் உரிந்து காய்ந்திருந்தது, கட்டில் கம்பியில் ஒரு ஈரிழைத் துண்டு முடிச்சோடு தொங்கியது. அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். “பால் வாங்கப் போகையில மட்டுந்தான் தாயி. உருண்டு கீழ விழுந்துருதா. ரெண்டு தடவ விழுந்துட்டா.” அவர் மறைக்கவில்லை. அவர் ஒன்றையுமே மறைக்கவில்லை, பொத்தானை, துண்டை, தூங்காத கண்ணை, எல்லாவற்றையும் திறந்துதான் வைத்திருந்தார். மறைத்தது நான். நான் சிரித்தேன். “பாத்துக்கோங்க ஐயா,” என்று சொன்னேன், என்னத்தைப் பார்த்துக்கொள்ள, அவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். வடிவு முந்தானையை விடவில்லை. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது, நானாக அர்த்தம் வைக்க மாட்டேன், வைத்தது போதும். நான் அவள் விரல்களைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலைப் பிரிக்கும்போது கட்டைவிரல் திரும்பவும் வந்து பிடித்துக்கொண்டது, மறுபடியும் முதலிலிருந்து பிரித்தேன். மெதுவாகத்தான் பிரித்தேன், வலிக்காமல், அன்பாக. அந்த அன்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்து ஒன்று கேட்டார். வேண்டாம். அதற்குள் இப்போது போக வேண்டாம். இதுவரைக்கும் நினைத்தாயிற்று, இது போதும்.

வீட்டுக்காரரிடம் நேற்றுச் சொல்லிப் பார்த்தேன். முழுதும் இல்லை, பாதி. அவர் சாப்பிட்டுக்கொண்டே, “உன் வேலை எழுதுறது, நீ எழுதினே, நீ என்ன பூட்டினியா?” என்றார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொன்னார். நான் பூட்டவில்லை. சரி. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கும்போது பதிவுப் பிழை என்று ஒரு தாள் கோப்பில் இருந்தால் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாவிட்டால் வேறு யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், இந்த ஊரில் இந்த வேலை கொடுக்கிறவர்கள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்தவர்கள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். பார், நர்சிங். அவள் போனில் தினமும் அம்மா எப்படி இருக்கே என்பாள், நான் தினமும் அந்த வார்த்தையைத்தான் சொல்வேன், அவள் சரி என்று வைத்துவிடுவாள், ஒருநாளும் அடுத்த கேள்வி கேட்டதில்லை, அவளுக்கும் வகுப்பு இருக்கும், அவளுக்கும் பஸ் இருக்கும். இல்லை, இது சரியில்லை, நான் பழியைப் பிள்ளை மேலும் கொஞ்சம் பூசப் பார்க்கிறேன். அவள் பிள்ளை, நான் சம்பளம் வாங்குகிறவள், கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். எந்தப் பக்கம் நடந்தாலும் அந்த வட்டத்துக்குள் வந்துதான் விழுகிறேன். சும்மா இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வார்த்தையை மாற்றுவார்கள், புதுப் படிவம் அச்சடிப்பார்கள், நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும், பேராசிரியர் கெட்டிக்காரர். வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டோவில் வடிவை ஏற்றி விடுவார்கள். ஆவுடையப்பன் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோவார். துண்டு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து நானோ வேறொருத்தியோ புது வார்த்தையோடு போய்க் கதவைத் தட்டுவோம்.

மேடம் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேராசிரியர் இரண்டு வார்த்தையை மிச்சம் வைத்திருக்கிறார், தாக்குப்பிடித்தல், ஈடுகொடுத்தல், இரண்டில் எது என்று சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். பலகையில் சமாளித்தல் என்பதன் மேல் சிவப்புக் கோடு. பாவம் அந்த வார்த்தை. எத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் உழைத்திருக்கும், இன்றைக்கு எனக்குப் பதிலாக அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. மேடம் அந்த மஞ்சள் சீட்டுப் பக்கத்தைக் கட்டுக்குள் சொருகுகிறார். “சரி, அப்ப இந்தக் கேஸ் மொழிப் பிரச்சினைன்னு குறிச்சுக்கறேன். வேற யாருக்காவது சொல்றதுக்கு எதாவது இருக்கா? முடிச்சிரலாமா?” எதாவது இருக்கா. அப்படியேதான் ஆவுடையப்பனும் கேட்டார். ஏறக்குறைய அதே வார்த்தை. நான் அதற்குள் போக வேண்டாம் என்று எவ்வளவு சுற்றி வந்தேன், அது இந்தக் குளிர் அறைக்குள் வந்து, சமோசா வாசத்துக்கு நடுவில், மேடத்தின் வாயில் உட்கார்ந்துகொண்டது. என் முழங்கால் நகர்கிறது. நான் சொல்லி நகரவில்லை. பேச்சியக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது, இருபது வருஷம் களத்தில் அலைந்தவள், மேஜைக்கு அடியில் என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். “ஏட்டி, சும்ம இரி. வார்த்த மேல போயிட்டுல்லா, நமக்கென்ன. என்னையும் சேத்து மாட்டி விட்டுராத.” அவளுக்கும் வீடு இருக்கிறது, அவளுக்கும் தாண்டு இருக்கிறது. நான் குனிந்து அவள் விரல்களைப் பிரிக்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். எனக்கு இந்த வேலை நன்றாக வருகிறது. காகிதத் தட்டு மடியிலிருந்து தரையில் விழுகிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், நான் நிற்கிறேன்.

“மேடம், வார்த்தை மேல தப்பில்ல. அவர் என்ன சொன்னாருன்னு எனக்குப் புரிஞ்சிது.”

“புரிஞ்சுதா? அப்புறம் ஏன் நாலு போட்டீங்க ஜெபராணி?”

“நாலு பத்துக்கு பஸ் மேடம்.” மேடம் படிவக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தை மறுபடி உருவி எடுத்து மேஜையில் வைத்தார். பேராசிரியர் அகராதியை மூடினார். பேச்சியக்கா தரையில் சிதறிய சமோசாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. கையெழுத்துப் போட நான் முன்னால் நடந்து போக வேண்டும், ஆனால் இன்னும் ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் கால் நகர மறுத்தது. “நான் செருப்பு மாட்டும்போது அவர் வாசல்வரைக்கும் வந்தாரு மேடம். இன்னும் கேக்கதுக்கு எதும் இருக்கா தாயின்னு கேட்டாரு. பதினாலு கேள்வி இருந்திச்சு. இல்ல ஐயா, அவ்வளவுதான்னு சொல்லிட்டேன்.”